கரூசோவின் ‘வெஸ்தி லா ஜுப்பா’: 1904-ஆ, 1907-ஆ?

லியோன்கவால்லோவின் ‘பாலியாச்சி’ ஓபராவில் வரும் இந்தப் பாடலை இத்தாலிய ஓபராப் பாடகர் என்ரிகோ கரூசோ விக்டர் இசைத்தட்டு நிறுவனத்துக்காக இரண்டு முறை பதிந்தார். 1904-இல் 10 அங்குலத் தட்டு, பியானோ மட்டும். 1907-இல் 12 அங்குலம், இசைக்குழு. இரண்டிலும் மைக் கிடையாது. கூம்புக்குள் பாடியதை ஊசி நேராக மெழுகில் கீறியது.

1904-இல் பியானோ தகரம் தட்டியதுபோல் பின்னால் ஒலிக்கும். அதனாலேயே குரல் மறைவின்றிக் கிடைக்கிறது: இளமை, இலகு, மூச்சு எடுக்கும் இடங்கள்கூடத் தெளிவு. 1907-இல் குரல் அடர்ந்து கருத்திருக்கிறது. உச்சத்தைத் தொடும்போது வரும் கனம் முந்தையதில் இல்லை. இசைக்குழு சுமார்தான். கூம்பு வயலினைச் சரியாக வாங்காது, ஊதுகருவிகளே முன்னால் நிற்கும்.

எதைக் கேட்டாலும் முதலில் வேகத்தைச் சரிபாருங்கள். அக்காலத் தட்டுகள் எல்லாம் நிமிடத்துக்கு 78 சுற்று அல்ல. 74-இல் பதிந்ததை 78-இல் ஓட்டினால் சுருதி கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறி, கரூசோ கீச்சுக்குரலாகிவிடுவார். பாடலின் சுருதி ஈ மைனர். கீபோர்டில் ஒத்துப் பாருங்கள், அரைக் கட்டை மேலே எஃப் மைனரில் கேட்டால் வேகம் அதிகம். இரைச்சலை முழுக்கத் துடைத்த பதிப்பும் வேண்டாம். குரலின் மினுக்கும் சேர்ந்து போய்விடும்.

ஒன்றுதான் என்றால் 1907. பாடகர்கள் மூச்சைப் படிக்க 1904-ஐ எடுக்கலாம்.