நெஞ்சுக்குள் இருக்கும் வலைத் தட்டுக்கு ஒரு ரிவ்யூ

வாங்கும் முன் தொட்டுப் பார்க்கவில்லை, வாங்கிய பிறகு எக்கோ (இதய ஸ்கேன்) திரையில் மட்டும்தான் பார்க்கிறேன். பொருள்: ஆம்பிளாட்சர் பி.எஃப்.ஓ. ஆக்லூடர். இதயத்தின் இரண்டு மேலறைகளுக்கும் நடுவே உள்ள பி.எஃப்.ஓ. என்ற துளையை அடைப்பது. போன வருடம் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பொருத்திக்கொண்டேன். வயது 41, பள்ளியில் கணக்கு வாத்தியார். சர்க்கரை, பிரஷர், சிகரெட் எதுவும் கிடையாது. அப்படியும் ஸ்ட்ரோக் வந்தது. ஏன் என்று தேடிப் போனதில்தான் துளை அகப்பட்டது.

கருவில் எல்லோருக்கும் அந்த வழி திறந்திருக்கும், பிறந்த பின் ஒட்டிக்கொள்ளும். ஏறக்குறைய நாலு பேரில் ஒருவருக்கு முழுசாக ஒட்டுவதில்லை. பெரும்பாலோர் அது தெரியாமலே ஆயுளை முடித்துவிடுகிறார்கள். காலில் உறைந்த சின்ன ரத்தக்கட்டி நுரையீரலில் சிக்காமல் இந்த இடுக்கில் புகுந்து மூளைக்கு ஏறினால்தான் வம்பு. கண்டுபிடிக்க பபுள் டெஸ்ட்: சலைனைக் குலுக்கிக் குமிழியாக்கிக் கை நரம்பில் ஏற்றுவார்கள், மூச்சை அடக்கி முக்கச் சொல்வார்கள், விட்டதும் குமிழிகள் இடது பக்கம் தாவுகிறதா என்று எக்கோவில் பார்ப்பார்கள். எனக்குக் கூட்டமாகத் தாவின.

உடனே அடைத்துவிடவில்லை. நரம்பியல் மருத்துவர் கழுத்து ரத்தக்குழாய் ஸ்கேன், இதயத் துடிப்பு மானிட்டர், ரத்தம் உறையும் தன்மைக்கான பரிசோதனை எல்லாம் பார்த்து, வேறு காரணம் இல்லை என்று உறுதியான பிறகுதான் இதய மருத்துவரிடம் அனுப்பினார். துளையைப் பார்த்த அன்றே கேத் லேபுக்கு (குழாய் விட்டு இதய சிகிச்சை செய்யும் அறை) தேதி குறிக்கும் இடம் என்றால் நான் எழுந்து வந்திருப்பேன்.

வாத்தியார் புத்தி, எண்களைக் கேட்டேன். 2012இல் வெளியான முதல் பெரிய ஆய்வில் வேறொரு கருவி. மருந்தைவிட மேல் என்று நிரூபணமாகவில்லை. ஆம்பிளாட்சரை வைத்துச் செய்த ரெஸ்பெக்ட் ஆய்வில் 980 பேர், 18 முதல் 60 வயது வரை. சுமார் ஆறு வருடக் கண்காணிப்பில், அடைத்தவர்களில் 18 பேருக்கும் மருந்து மட்டும் எடுத்தவர்களில் 28 பேருக்கும் மறுபடி ஸ்ட்ரோக். இவ்வளவுதானா என்று தோன்றியது. பிரான்ஸில் நடந்த குளோஸ் ஆய்வு வேறு கதை சொன்னது: துளை வழிக் கசிவு அதிகமாகவோ, நடுச்சுவர் தொளதொளப்பாகவோ இருப்பவர்களை மட்டும் எடுத்தார்கள். அடைத்த 238 பேரில் ஒருவருக்கும் இல்லை, மாத்திரை மட்டும் சாப்பிட்ட 235 பேரில் 14 பேருக்கு வந்தது. என் நடுச்சுவர் காற்றில் திரைச்சீலை மாதிரி ஆடுகிற ரகம். சரி, போடுங்கள் என்றேன்.

தொடை நரம்பு வழியே குழாய் விட்டு, சுவருக்கு இரு பக்கமும் இரண்டு தட்டுகளை விரித்துவிடுகிறார்கள். நிடினால் கம்பி வலை, உள்ளே பாலியெஸ்டர் துணி. நிடினாலில் நிக்கல் உண்டு. கவரிங் நகை போட்டால் அரிப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மறுநாள் வீடு. எந்தக் கம்பெனித் தட்டு போட்டாலும் ஆரம்ப வாரங்களில் சிலருக்குத் துடிப்பு தாறுமாறாகலாம் என்று எச்சரித்தார்கள், எனக்கு வரவில்லை.

குறை மருத்துவமனை மேல்தான். முதல் ஆறு மாதத்துக்குள் பல் பிடுங்கினால் முன்னதாக ஆன்டிபயாட்டிக் வேண்டும் என்பது டிஸ்சார்ஜ் தாளில் ஒரு வரிகூட இல்லை. என் பல் டாக்டர் சொல்லித்தான் தெரியும். இன்சூரன்ஸ்காரர்கள் 'பிறவிக் குறை' என்று இழுத்தபோதும் கவுண்டரில் கையை விரித்துவிட்டார்கள். கடிதம் எழுதி வாங்கியது நானேதான்.

பிறகு எடுத்த பபுள் டெஸ்டில் ஒரு குமிழிகூடத் தாண்டவில்லை. தட்டுக்கு நாலரை நட்சத்திரம், மருத்துவர்களுக்கு ஐந்து, கவுண்டருக்கு ஒன்று. அரை நட்சத்திரம் ஏன் குறைத்தேன் என்றால், ஆஸ்பிரின் இன்னும் நிற்கவில்லை. மாத்திரையிலிருந்து தப்பிக்கத்தான் இதைப் போட நினைக்கிறீர்கள் என்றால் முதலில் டாக்டரிடம் அதைக் கேட்டுவிடுங்கள்.