கீவேர்டு ஆய்வு அறிக்கைக்கு ரூ.38,500 கொடுத்து ஏமாந்தோம்: சேலத்துச் சிறு தொழில் செய்வோர் கவனத்திற்கு

மக்கள் இணையத்தில் தேடும் சொற்களை (கீவேர்டு) வைத்து எந்தப் பொருளுக்குத் தேவை அதிகம், எதற்குப் போட்டி குறைவு என்று ஆராய்ந்து, லாபம் தரும் சந்தையைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லும் ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் பயிற்சி நிலையத்திடம் 38,500 ரூபாயைப் பறிகொடுத்துவிட்டு இதை எழுதுகிறேன். புகார் கொடுத்திருப்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை. இத்தகையவர்களிடம் சிக்காமல் இந்த ஆய்வை நீங்களே செய்துகொள்வது எப்படி என்பதைக் கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்குக் கொலுசுப் பட்டறை இருக்கிறது. மாமனார் காலத்திலிருந்து நாங்கள் செய்யும் சரக்கு மொத்த வியாபாரிகள் வழியாக வடமாநிலங்களுக்குப் போகிறது. எங்களுக்கு மிஞ்சுவது கூலி மட்டுமே. வாங்குபவருக்கு நேரடியாக விற்கலாம் என்று நாங்கள் விசாரித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த நிலையத்தின் பொறுப்பாளர் பட்டறைக்கே வந்தார்.

அவர் நாற்காலியில் உட்காரவில்லை. வேலை செய்பவர்களுக்குப் பக்கத்தில் தரையில் அமர்ந்து, திருகாணி பொருத்துவதையும் சலங்கை கோப்பதையும் பொறுமையாகக் கேட்டறிந்தார். மாமாவை வாய்க்கு வாய் ஐயா என்று அழைத்தார். பிறகு மடிக்கணினியை என் பக்கம் திருப்பி, "வெளிநாட்டுல இருக்கறவங்க இதை என்னன்னு தேடுவாங்கன்னு நீங்களே சொல்லுங்க மேடம்" என்றார். நான் 'சில்வர் ஆங்க்லெட்' என்றேன். அவர் அதைத் தட்டச்சு செய்ததும் மாதத்திற்கு 1,000 முதல் 10,000 வரை தேடல்கள் என்று திரையில் வந்தது. அதற்கு அடுத்த கட்டத்தில் போட்டி குறைவு என்றும் இருந்தது. உடனே ஒரு தாளில் கணக்குப் போட்டார்: 10,000 பேர் தேடுகிறார்கள், நூற்றுக்கு ஒருவர் வாங்கினாலும் 100 ஜோடி, ஜோடிக்கு 300 ரூபாய் லாபம், ஆக மாதம் 30,000 ரூபாய். "இத்தனை பேரா தேடறாங்க?" என்று அத்தை வியந்து கேட்டபோது, அவர் சிரித்துக்கொண்டே அந்தத் தாளை அத்தையின் கையில் கொடுத்தார். வெள்ளியை மூன்று முறை நிறுத்துப் பார்த்த பிறகே வாங்கும் மாமா, அன்று எழுந்து போய் பீரோவைத் திறந்தார். 18,500 ரூபாயை நான் கைப்பேசி வழியே அனுப்பினேன். மீதி 20,000 ரூபாய் ரொக்கம். ரசீது கேட்டதற்கு, ஜிஎஸ்டி பில் என்றால் 18 சதவீதம் கூடுதலாகும், உங்களுக்கு எதற்கு வீண் செலவு என்றார்.

வந்து சேர்ந்தது வழவழப்பான தாளில் அச்சிட்ட வண்ண அறிக்கை. அவர்கள் சொன்ன சொற்களையெல்லாம் வைத்துக் கொலுசுப் படங்களை இணையத்தில் ஏற்றினோம். ஆர்டர் ஒன்றுகூட வரவில்லை. வந்த தொலைபேசி அழைப்புகளெல்லாம் இன்று வெள்ளி கிராம் என்ன விலை என்று கேட்டவையே. 'இன்றைய வெள்ளி விலை' என்ற சொல்லையும் அதிகத் தேடல் உள்ள சொல் என்று அறிக்கையில் சேர்த்திருந்தார்கள். விலையைத் தெரிந்துகொள்ளத் தேடுபவரும் பொருளை வாங்கத் தேடுபவரும் ஒருவரல்லர் என்பதுகூட அந்த நிபுணர்களுக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் பக்கத்தை நிரப்பியிருக்கிறார்கள்.

கோவையில் வேலை பார்க்கும் என் நாத்தனார் விடுமுறைக்கு வந்தபோது அறிக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கூகுளில் விளம்பரம் கொடுப்பதற்கான கூகுள் ஆட்ஸ் கணக்கு ஒன்றைத் தொடங்கி, கீவேர்டு பிளானர் என்ற கருவியைத் திறந்து காட்டினாள். அதே அட்டவணை, அதே எண்கள், செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. போட்டி குறைவு என்ற கட்டம், அந்தச் சொல்லுக்கு விளம்பரம் கொடுப்பவர்கள் எவ்வளவு பேர் முட்டிமோதுகிறார்கள் என்பதை மட்டுமே காட்டுகிறது. தேடல் முடிவுகளில் நம் பக்கம் மேலே வருவது எளிது என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. விளம்பரத்திற்குச் செலவு செய்யாத கணக்கில் 1,000 முதல் 10,000 வரை என்று அகலமான வரம்புதான் தெரியும்; அதன் உச்சியை எடுத்துத்தான் அத்தைக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு, அட்டவணையின் மேல்மூலையில் இடம் என்பதற்கு எதிரே அனைத்து நாடுகளும் என்றிருந்தது. 'சில்வர் ஆங்க்லெட்' என்ற அதே சொல்லைத் தேடலில் போட்டுப் படங்களைப் பார்த்தோம்: நூல் போன்ற மெல்லிய சங்கிலிகள், 925 முத்திரை (92.5 சதவீத வெள்ளி). சலங்கை வைத்த எங்கள் கொலுசைத் தேடியவர்கள் அதில் எத்தனை பேர் இருப்பார்கள்?

இதைக் கேட்கப் போனபோதுதான் உண்மையான அவமானம் தொடங்கியது. முதலில் டீம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்றார்கள். அடுத்து, கூகுள் அல்காரிதம் (தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தும் முறை) மாறிவிட்டது என்றார்கள். நேரில் போனால் சார் வெளியூரில் இருக்கிறார் என்று வரவேற்பில் இருந்த பெண் சொல்ல, உள்ளறையிலிருந்து அந்த சாரின் குரலே கேட்டது. பிறகு 15,000 ரூபாய்க்கு இரண்டாம் கட்ட ஆய்வு செய்தால் சரியாகிவிடும் என்று செய்தி அனுப்பினார்கள். 38,500 ரூபாயைத் திருப்பிக் கேட்ட அன்றே வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கினார்கள்.

என் அறிக்கையின் ஒரு பக்கத்தில் கொலுசு என்று இருக்க வேண்டிய இடத்தில் மிளகு என்று இருந்தது. தட்டச்சுப் பிழை என்று அப்போது சொல்லியிருந்தார்கள். அந்த நிலையத்தில் காத்திருந்த ஏற்காட்டுக்காரர் ஒருவர் மிளகும் காபியும் விற்பவர். அவர் கையிலிருந்த அறிக்கையிலும் 100 பேர், 300 ரூபாய், மாதம் 30,000 என்ற அதே கணக்கு, அதே தாளில், அதே எழுத்தில் இருந்தது.

விரிவாக எழுத இப்போது மனம் ஒத்துழைக்கவில்லை. ஆகவே சுருக்கமாக: காசு கொடுக்கும் முன் கீவேர்டு பிளானரை நீங்களே திறந்து, இடத்தை இந்தியா என்றோ தமிழ்நாடு என்றோ மாற்றிப் பாருங்கள். ஒரு சொல்லைத் தேடுவது கூடுகிறதா குறைகிறதா என்று காட்டும் கூகுள் டிரெண்ட்ஸில் வரும் 100 என்பது ஆட்களின் எண்ணிக்கை அன்று, ஒப்பீட்டு அளவு. கூகுள் தேடலில் முதலிடத்திற்கு உத்தரவாதம் தருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அப்படி எவராலும் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. ரசீது இல்லாமல் ரொக்கம் கொடுக்காதீர்கள். ஏமாந்திருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவரும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோரே. தான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது.

நூற்றுக்கு ஒருவர், ஜோடிக்கு 300, மாதம் 30,000 என்ற இந்தக் கணக்கு உங்கள் அறிக்கையிலும் இருந்தால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். 20,000 ரூபாய்க்கு ரசீது இல்லாத நிலையில், எங்கள் புகாருடன் இணைக்க அதுபோன்ற சான்றுகள்தான் இப்போது தேவைப்படுகின்றன.