கேப்டனைக் கொல்லவா, விடவா: நான்கு ஆன்லைன் ஆர்பிஜிகளோடு பத்து வருடம்

ஆர்பிஜி என்றால் நாமே ஒரு கேரக்டராகி, கதைக்குள் புகுந்து ஆடும் ஆட்டம். அப்படி ஒன்றான 'ஸ்டார் வார்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக்'கில் பேரரசுப் பக்கம் ஆடுபவர்கள் பத்தாவது லெவல் வாக்கில் பிளாக் டாலன் என்ற கப்பலில் ஏறுவார்கள். ஓர் எதிரிக் கப்பலைத் தாக்கச் சொல்லும் மேலிடத்து உத்தரவை அதன் கேப்டன் ஓர்சிக் ஏற்க மறுத்துவிடுகிறார். அந்த எதிரிக் கப்பலைத் தாக்கினால் தன் ஆட்கள் பிழைக்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. அவரைக் கொல்லலாம், விட்டும் விடலாம்.

நாங்கள் மூன்று பேர் போனோம். அவரவர் பதிலை அவரவர் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்புறம் ஆட்டமே பகடை உருட்டும். யாருக்குப் பெரிய எண் விழுகிறதோ அவர் பதில்தான் சபையேறும். நான் விடச் சொன்னேன். நண்பனுக்குப் பெரிய எண் விழுந்தது, கேப்டன் செத்தார். ஆனால் நல்லவன் கணக்கில் எனக்குச் சேர வேண்டிய புள்ளி மட்டும் ஒழுங்காகச் சேர்ந்துவிட்டது! பாவம் அவனுக்கு, புண்ணியம் எனக்கு.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான் இது. அதன்பிறகு எந்த எம்எம்ஓவை, அதாவது ஏராளமானவர்கள் ஒரே உலகில் சேர்ந்து ஆடும் ஆன்லைன் ஆட்டத்தை, திறந்தாலும் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: நான் எடுக்கும் முடிவு எதையாவது மாற்றுகிறதா?

பெரிதாக மாற்றாது, மாற்றவும் முடியாது. ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து வாழும் ஊரில் நான் ஒருவரைக் கொன்றதற்காக அடுத்தவர் திரையிலிருந்தும் அவரை எடுத்துவிட முடியுமா? அதனால் ஒவ்வொரு ஆட்டமும் ஏதாவது ஒரு சமாளிப்பைக் கண்டுபிடித்திருக்கிறது.

2011 டிசம்பரில் வந்த ஓல்ட் ரிபப்ளிக்கின் சமாளிப்பு, பேச்சு. எட்டு வகைக் கேரக்டர், எட்டுக்கும் தனித்தனிக் கதை, எல்லாவற்றுக்கும் குரல் நடிப்பு. எட்டில் இம்பீரியல் ஏஜென்ட் கதைதான் என் கட்சி. நடுவில் ஓரிடத்தில் அந்த உளவாளியின் மூளையிலேயே கைவைத்துவிடுகிறார்கள். ஒரு சொல்லைச் சொன்னால் போதும், அவன் கீழ்ப்படிந்தாக வேண்டும். திரையில் வழக்கம்போல் பதில்கள் வருகின்றன. மறுப்பதைத்தான் நான் அழுத்துகிறேன். அவன் பணிந்து போகிறான். மவுஸைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். 2015இல் ஃபாலன் எம்பயர் என்ற கூடுதல் பகுதி வந்ததும் எட்டுப் பேரையும் ஒரே கதைக்குள் தள்ளிவிட்டார்கள். எட்டு மடங்கு எழுதி, எட்டு மடங்கு குரல் பதிவு செய்வதென்றால் செலவு தாங்காதுதான். இருந்தாலும் என் உளவாளிக்கும் பக்கத்து ஜெடை வீரனுக்கும் ஒரே மரியாதை, ஒரே வசனம் என்றானது உறுத்தியது.

'கில்ட் வார்ஸ் 2' மாதச் சந்தா இல்லாதது, அதற்கே ஒரு கும்பிடு. கேரக்டர் உருவாக்கும்போது சொல்லும் பதில்களை வைத்து ஆரம்பக் கதை மாறும். மூன்று அமைப்புகளில் ஒன்றில் சேரலாம். அதற்குப் பிறகு எல்லா ஆறும் ஒரே கடலில்தான் கலக்கிறது.

'எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன்' மீதுதான் எனக்குக் கோபம். முதன்மைக் கதையின் கடைசிக் கட்டத்தில் தோழர்களில் ஒருவரைப் பலி கொடுத்தாக வேண்டும். நான் கொடுத்தது ஆப்னர் தார்னை. வாய்க்கொழுப்பு பிடித்த கிழவர், பெரிய வருத்தமில்லை. 2019இல் எல்ஸ்வேர் என்ற கூடுதல் பகுதி வந்தது. புது ஊருக்குப் போனால் அதே கிழவர், அதே வாய்! அன்று நான் பத்து நிமிடம் யோசித்து எடுத்த முடிவுக்கு என்ன மதிப்பு?

இனி 'ஃபைனல் ஃபேன்டஸி 14'. இங்கே உருப்படியான தேர்வு எதுவுமே கிடையாது. என்ன பதில் சொன்னாலும் கதை போகிற பக்கம்தான் போகும். 2013இல் வந்த 'எ ரியல்ம் ரீபார்ன்' பகுதி இழுவை. ஊர்ச் சில்லறை வேலை பார்த்தே கை ஓய்ந்துபோகும். இரண்டு முறை விட்டுவிட்டேன். மூன்றாவது முறை ஷேடோபிரிங்கர்ஸ் என்ற பின்னாள் பகுதி வரை போய்ச் சேர்ந்தேன். இரவு இரண்டு மணிக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததை வீட்டில் யாரும் பார்க்கவில்லை என்று நம்புகிறேன். யோசித்துப் பார்த்தால் காரணம் புரிகிறது. கிளையே இல்லாததால், நான் யாரைச் சந்தித்தேன், யாரை இழந்தேன் என்பது எழுதுபவர்களுக்கு அட்சரம் பிசகாமல் தெரியும். 2013இல் போட்ட முடிச்சை 2021இல் எண்ட்வாக்கர் என்ற பகுதியில் அவிழ்க்கிறார்கள், தைரியமாக. தார்ன் மாதிரி யாரும் எழுந்து வந்து பல்லிளிப்பதில்லை.

கதைக்காகப் புதிதாக வருபவர்கள் இதையே பிடியுங்கள். எழுபதாவது லெவல் வரை காசில்லாமல், நாள் கணக்கும் இல்லாமல் ஆடலாம். நம் ஊரில் இதற்கு சர்வர் இல்லை, பிங் (நாம் அழுத்துவது சர்வருக்குப் போய்த் திரும்பும் தாமதம்) எகிறும். கதை கேட்பதற்கு அது ஒரு தடையில்லை. கூட இரண்டு நண்பர்கள் இருக்கிறார்கள், சண்டை போட்டு முடிவெடுக்க ஆசை என்றால் ஓல்ட் ரிபப்ளிக்.

போன மாதம் அதில் புதுக் கேரக்டர் ஒன்றைத் தொடங்கி, பிளாக் டாலனுக்குத் தனியாகப் போனேன். பகடை இல்லை, தடுக்க ஆளில்லை, ஓர்சிக்கை உயிரோடு விட்டேன். கப்பல் அதே எதிரியைத் தாக்கத்தான் போனது. நண்பனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "தனியா ஆடி ஜெயிச்சா செல்லாதுடா" என்று பதில் வந்தது.