டோனெப்பெசிலா, ரிவாஸ்டிக்மினா, கேலன்டமினா?

நினைவுக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற நரம்புக் கடத்தியை உடைத்துவிடும் நொதிக்கு அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்று பெயர். அல்சைமர் என்ற மறதி நோயில் அந்தக் கடத்தி ஏற்கெனவே குறைந்திருக்கும். மிச்சமிருப்பதை நொதியிடமிருந்து காக்கத்தான் இந்த மூன்று மருந்துகளும். பலன் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றே, அதுவும் சிறியதே, நோயை நிறுத்தாது. எனவே வீரியத்தைப் பார்த்துத் தேர்வு செய்வதில் பொருளில்லை. வயிறு, நாடித்துடிப்பு, சிறுநீரகம், மருந்து கொடுப்பவரின் வசதி, இவைதான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் டோனெப்பெசிலைத்தான் பரிசீலிக்கலாம். இரவில் 5 மி.கி., 4 முதல் 6 வாரம் கழித்துத் தாங்கினால் 10. அரை ஆயுள் சுமார் 70 மணி நேரம் என்பதால் ஒரு வேளை தவறினாலும் பெரிதாகக் கெடாது. கெட்ட கனவு வந்து தூக்கம் கலைந்தால் காலைக்கு மாற்றினால் போதும். நாடி ஏற்கெனவே மெதுவாக ஓடுபவர், மெட்டோப்ரோலால் போன்ற நாடியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர் என்றால், ஈசிஜி பார்க்காமல் தொடங்கக் கூடாது. இவர்கள் மயங்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளும் அபாயம் உண்டு.

ரிவாஸ்டிக்மின், ப்யூட்டைரில்கோலினெஸ்டரேஸ் என்ற சகோதர நொதியையும் தடுக்கிறது. பார்க்கின்சனோடு வரும் மறதிக்கும் இது பயன்படுகிறது. மருந்துகளை உடைக்கும் கல்லீரலின் சைட்டோக்ரோம் நொதிகளை அதிகம் நம்பாததால், பல மருந்து சாப்பிடுபவருக்கு ஏற்றது. கேப்ஸ்யூல் குமட்டலையும் வாந்தியையும் கிளப்பும், சாப்பாட்டோடுதான் தர வேண்டும். தோலில் ஒட்டும் பேட்ச் அதைவிட வெகு சுகம்: 24 மணி நேரத்துக்கு 4.6 மி.கி., 4 வாரம் கழித்து 9.5.

ஆபத்து ஒட்டுவதில்தான் இருக்கிறது. முதுகில் நேற்றைய பேட்ச் ரவிக்கைக்குள் மறைந்திருக்க, இன்றையதையும் ஒட்டிவிடுவார்கள். இரண்டும் மருந்தைக் கசியவிடும். வாந்தி, நாடித் தளர்ச்சி என்று மிகையளவின் அறிகுறிகள் தொடங்கும், உயிரே போகலாம். பழையதை உரித்து மடித்து எறிந்த பிறகே புதியது. பவுடரும் எண்ணெயும் இல்லாத உலர்ந்த தோலில் 30 நொடி அழுத்துங்கள். 14 நாளைக்கு அதே இடம் வேண்டாம். மூன்று நாளுக்கு மேல் விட்டுப்போனால் மீண்டும் 4.6-லிருந்துதான்.

கேலன்டமின், அசிட்டைல்கோலின் வந்து இணையும் நிகோட்டினிக் ஏற்பியையும் தூண்டும், ஆனாலும் கூடுதல் பலன் தெளிவாகத் தெரியவில்லை. சிறுநீரகம் கடுமையாகக் கெட்டவருக்கு இது கூடாது.

எதைத் தொடங்கினாலும் முதலில் மருந்துப் பெட்டியைக் கொட்டிப் பாருங்கள். சிறுநீர் அடக்க ஆக்ஸிப்யூட்டினின், சளிக்குக் குளோர்பெனிரமின் என்று ஏதாவது இருக்கும். அவை அசிட்டைல்கோலினின் வேலையையே தடுப்பவை. மேலே சொன்ன மூன்று அல்சைமர் மருந்துகளால் சிறுநீர் அவசரம் கூடி, அதற்காக ஆக்ஸிப்யூட்டினின் எழுதப்படுவதும் உண்டு. அப்போது இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்.