அல்சூர் டைப்பிங் கடை: படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து

பெங்களூரு அல்சூர் சோமேஸ்வரர் கோயில் பக்கத்துச் சந்தில் இருக்கிறது இந்தக் கடை. பெயர்ப்பலகை கிடையாது. டைப்பிங் அண்ணா கடை என்று கேட்டால் பூக்காரம்மாவே கை காட்டுவார். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், உட்கார ஒரு பெஞ்சு.

நான் மர்ஃபி டவுனில் பிளவுஸ் தைக்கிறேன். பிள்ளைகள் இரண்டு பேரும் அரசுப் பள்ளியில் கன்னட மீடியம். எனக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. பள்ளியை மேற்பார்க்கும் பெற்றோர் குழுவான எஸ்.டி.எம்.சி.யின் உறுப்பினர் ஒருவரை நீக்கச் சொல்லி வட்டாரக் கல்வி அதிகாரிக்கு (பி.இ.ஓ.) மனு கொடுக்கத்தான் இங்கே போனேன்.

அந்த உறுப்பினர் கூட்டத் தீர்மானங்களை எழுதும் நடாவளிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வருவார். "மீட்டிங் நடந்துச்சு, ஒரு கையெழுத்து போடுங்க" என்பார். கோடு போட்ட பக்கம், ஓரத்தில் 1, 2, 3 என்று நம்பர் மட்டும். மேலே ஒரு எழுத்தும் இருக்காது. அடுப்பில் சாதம் கொதிக்கும் நேரத்தில் நானும் இரண்டு தடவை போட்டிருக்கிறேன். கழிவறைக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரைச் சரிசெய்து பணம் கொடுத்தாகிவிட்டது என்று அதே பக்கத்தில் தீர்மானம் எழுதியிருந்தது பிறகுதான் தெரிந்தது. மோட்டார் ஓடவே இல்லை. என் மகள் காலையில் போனால் வீட்டுக்கு வரும்வரை அடக்கிக்கொண்டே இருந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

முதலில் மெயின் ரோட்டில் ஒரு பிரௌசிங் சென்டரில் 120 ரூபாய் கொடுத்து மனு அடித்தேன். யாருக்கோ அடித்த பழைய மனுவை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். எதைப் பற்றிய மனு என்று எழுதும் 'விஷய' என்ற இடத்தில் ரேஷன் கார்டு என்று அப்படியே கிடந்தது. பி.இ.ஓ. ஆபீசில் மனு வாங்கும் டப்பால் பிரிவில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு அக்காதான் இந்தக் கடைக்குப் போகச் சொன்னார்.

அண்ணா உடனே டைப் செய்ய உட்காரவில்லை. அரை மணி நேரம் கேள்விதான் கேட்டார். "அவர் பிள்ளை இப்ப எந்த ஸ்கூல்ல படிக்குது?" என்றார். இந்த ஜூனில் தனியார் பள்ளிக்கு மாற்றிவிட்டார் என்று சொன்னேன். "அப்ப அதைத்தான் முதல்ல எழுதணும்மா" என்றார். 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவில் பள்ளிக் குழுவைப் பற்றி இருக்கிறது. குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். பெற்றோர் என்றால் அந்தப் பள்ளியில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோர். மோட்டார் விஷயத்தை இரண்டாவதாகப் போட்டார்.

என் அக்கா மகன் அமெரிக்காவில் இருக்கிறான். இதைச் சொன்னபோது சான் பிரான்சிஸ்கோ கதையைச் சொன்னான். அங்கே பள்ளி வாரியத்தில் 7 பேர். கொரோனாவில் பள்ளிகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது வாரியம் 44 பள்ளிகளுக்குப் பெயர் மாற்றும் வேலையில் இருந்தது என்று பெற்றோருக்குக் கோபம். ஓர் உறுப்பினரை நீக்க ஓட்டெடுப்பு நடத்த, ஒவ்வொருவருக்கும் 51,325 செல்லுபடியாகும் கையெழுத்து வேண்டியிருந்தது. திரட்டினார்கள், 2022 பிப்ரவரி 15 அன்று ஓட்டுப் போட்டு 3 பேரைப் பதவியிலிருந்து நீக்கிவிட்டார்கள். நம் 21-வது பிரிவில் அப்படி ஓட்டுக்கு வழி எழுதவில்லை. நமக்கு மனுதான். ஆனால் ஒன்று சொன்னான்: கலிபோர்னியாவில் கையெழுத்து வாங்கும் தாள் ஒவ்வொன்றிலும் யாரை, எதற்காக நீக்கக் கேட்கிறோம் என்பது அச்சாகியிருக்க வேண்டுமாம்.

நான் சொல்லாமலேயே அண்ணா அதைத்தான் செய்தார். கையெழுத்துக்கு நாலு தாள் அடித்தார். நாலிலும் மேலே மனுவின் விஷயம், தேதி, பக்க எண். "மேல எழுத்து இல்லாத பேப்பர்ல யாரையும் கையெழுத்துப் போட வைக்காதீங்க" என்றார். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டவள் நான். கண் கலங்கிவிட்டது.

மறுநாள் எட்டு அம்மாக்களைக் கூட்டிக்கொண்டு போனேன். 'மான்யரே' என்று தொடங்கி ஒரு வரி கன்னடத்தில் படிப்பார், அதையே தமிழில் சொல்வார், எங்கள் முகத்தைப் பார்ப்பார், பிறகுதான் அடுத்த வரி. "பணத்தைத் தின்னுட்டார்னு எழுதியிருக்கா? நான் பாக்கலையே அண்ணா" என்று ஒரு அம்மா நிறுத்தினார். அண்ணா கோபப்படவில்லை. 'செலவுக்கு ரசீது காட்டவில்லை' என்று மாற்றி, புதிதாகப் பிரிண்ட் எடுத்தார். வீணான தாளுக்குக் காசு வாங்கவில்லை. அதன் பிறகு 62 பேர் கையெழுத்துப் போட்டார்கள், ஒவ்வொருவரும் விஷயம் தெரிந்து.

இரண்டு பக்கம் டைப்பிங், பிரிண்ட், இரண்டு செட் ஜெராக்ஸ் எல்லாம் சேர்த்து 154 ரூபாய் ஆனது, 150 வாங்கிக்கொண்டார். மனு கொடுக்கும்போது நம் காப்பியில் சீலும் தேதியும் போட்டு வாங்காமல் நகரக்கூடாது என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.

குறை உண்டு. காலை பத்து மணியிலிருந்து கூட்டம். ஒன்றரை மணி நேரம் நின்றோம். கரண்ட் போனால் வேலை நின்றுவிடும், யு.பி.எஸ். இல்லை. வயதானவர்களுக்கு அந்த ஒரு பெஞ்சு போதாது. மாலை நாலு மணிக்கு மேல் போனால் நிதானமாகப் பேசலாம். கடைக்கு ஐந்துக்கு நாலரை மார்க் கொடுப்பேன்.

மனு கொடுத்து 19-வது நாள் சி.ஆர்.பி. (பக்கத்துப் பள்ளிகளைப் பார்த்துக்கொள்ளும் கல்வித் துறை ஊழியர்) வந்து சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்தார். அந்த உறுப்பினரின் பெயரை எடுத்துவிட்டார்கள். சனிக்கிழமை பெற்றோர் கூடி, கை தூக்கி வேறொரு அம்மாவைத் தேர்ந்தெடுத்தோம். மோட்டார் கணக்கு இன்னும் வரவில்லை. அதற்குத் தகவல் உரிமை மனு போட வேண்டும், 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வாங்கி வாருங்கள் என்று அண்ணா சொல்லியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை போகிறோம்.