இனிஷியலைப் பிரிப்பதுதான் வேலையே: எட்டு வருட எக்செல் அனுபவம்

குரோம்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளி அலுவலகத்தில் எட்டு வருடமாக மாணவர் பட்டியல் என் பொறுப்பு. ஜூன் வந்தால் ஆன்லைன் கணக்குகள் திறக்க வேண்டும். அங்கே 'ஃபர்ஸ்ட் நேம்', 'லாஸ்ட் நேம்' என்று இரண்டு கட்டங்கள். நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான் உண்டு. எம். எஸ். சுப்புலட்சுமியின் பெயரில் 'எம்' மதுரை, 'எஸ்' அவருடைய தாயார் சண்முகவடிவு. இதில் எதை லாஸ்ட் நேம் என்பது?

முதலில் பழகியது டேட்டா மெனுவில் இருக்கும் 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்'. இடைவெளி உள்ள இடத்தில் வெட்டிவிடும், வேகம். ஆனால் 'டெஸ்டினேஷன்' கட்டத்தை மாற்றாமல் விட்டால் மூலப் பெயர் இருந்த இடத்திலேயே எழுதிவிடும். பக்கத்து நெடுவரிசையில் தகவல் இருந்தால் 'மாற்றட்டுமா?' என்று கேட்கும். முதல் வருடம் அவசரத்தில் ஓகே கொடுத்தேன். பெற்றோரின் போன் நம்பர்கள் போய்விட்டன, அப்படியே சேமித்தும் விட்டேன். இரண்டு நாள் விண்ணப்பங்களை எடுத்து வைத்துத் திரும்ப அடித்தோம். அன்று முதல் முழுப் பெயர் நெடுவரிசையை நான் தொடுவதே இல்லை. அதன் நகலில்தான் எல்லாம்.

எக்செல் 2013-இல் வந்த 'ஃப்ளாஷ் ஃபில்' பார்க்க அருமையாக இருக்கும். ஒரு பெயரை அடித்துக் காட்டி கன்ட்ரோல்-ஈ அழுத்தினால் மீதியைத் தானே நிரப்பும். எல்லாம் ஒரே வடிவில் இருந்தால் சரி. 'ஆர். கவிதா', 'கவிதா ஆர்', 'கே.எஸ்.ரமேஷ்' மூன்றும் கலந்து வந்தால் நடுவில் எங்கோ தப்பாக ஊகித்துவிடும், சத்தமே வராது. பிறகு மூலப் பெயரைத் திருத்தினாலும் நிரப்பியது மாறாது. சின்னப் பட்டியலுக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

எனக்கு மிகவும் கைகொடுத்தது கூகுள் ஷீட்ஸின் 'ஸ்ப்ளிட்' சூத்திரம். பிரிப்பானாகப் புள்ளியையும் இடைவெளியையும் சேர்த்து ஒரே மேற்கோளுக்குள் கொடுத்தால், இரண்டையும் தனித்தனி வெட்டுக்கோடாக எடுத்துக்கொள்ளும். நடுவில் வரும் வெற்றுத் துண்டுகளையும் தானே விட்டுவிடும். ஒட்டி எழுதிய 'கே.எஸ்.ரமேஷ்' அழகாக மூன்று துண்டாகும். எக்செல்லின் புதிய 'டெக்ஸ்ட்ஸ்ப்ளிட்'டிலும் இது முடியும், ஆனால் வெற்றுத் துண்டை விடச் சொல்லி நாம்தான் குறிப்பிட வேண்டும்.

வெட்டுவதற்கு முன்னால் 'டிரிம்' சூத்திரம் போட்டுக் கூடுதல் இடைவெளிகளை நீக்குங்கள். இணையப் பக்கத்திலிருந்து ஒட்டிய பெயர்களில் 160-ஆம் எண் இடைவெளி ஒளிந்திருக்கும்; பார்வைக்குச் சாதாரண இடைவெளி போலவே இருந்தாலும் கணினிக்கு அது வேறு எழுத்து, டிரிம்முக்கு அது தெரியாது. 'சப்ஸ்டிட்யூட்'டால் அதைச் சாதாரண இடைவெளியாக்கிவிட்டுத்தான் டிரிம்.

வெட்டிய துண்டுகளில் இனிஷியல் எது? ஆங்கிலப் பட்டியலில் ஒற்றை எழுத்தாக நிற்பது இனிஷியல் என்ற விதி பெரும்பாலும் போதும். அதே விதியைத் தமிழ்ப் பட்டியலுக்குப் போட்டுத்தான் திணறினேன். நீளத்தைச் சொல்லும் 'லென்' சூத்திரம் நாம் எண்ணுவது போல எழுத்தை எண்ணுவதில்லை; புள்ளியும் கொம்பும் காலும் தனிக் கணக்கு. அதனால் 'எஸ்' மூன்று, 'ரவி'யும் மூன்று, 'உமா'வும் மூன்று! நீளத்தை வைத்துப் பிரித்தால் ரவி இனிஷியலாகிவிடுவான். தமிழில் புள்ளியை மட்டுமே நம்புகிறேன். புள்ளி இல்லாத வரிகளுக்கு மஞ்சள் நிறம் கொடுத்து ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்க்கிறேன்.

'அப்துல் ரகுமான்', 'ஜான் பீட்டர்' போன்ற பெயர்களை எந்தச் சூத்திரத்திடமும் விடுவதில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் அந்தப் பிள்ளையின் பெயர். வருகைப் பதிவில் பாதிப் பெயரைக் கூப்பிட்டால் அது திரும்பிக்கூடப் பார்க்காது.

போன வருடம் தலைமையாசிரியரிடம் சொல்லி சேர்க்கை விண்ணப்பத்தையே மாற்றினோம். இப்போது இனிஷியல், பெயர், இனிஷியலின் விரிவு என்று மூன்று கட்டங்கள். பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும் என்பதால் மூன்றாவதைப் பெற்றோரே கவனமாக நிரப்புகிறார்கள். இந்த ஜூனில் புதிதாகச் சேர்ந்தவர்கள் பட்டியலுக்குச் சூத்திரமே தேவைப்படவில்லை. பழைய வகுப்புகளின் மஞ்சள் வரிகள் மட்டும் இன்னும் பாக்கி.