ரீவி கேம், 400 கேம், அதற்குப் பிறகு வந்தது: சில வருடப் பாவனை அனுபவம்

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளில் போன் கவருக்கும் இயர்போனுக்கும் நடுவில், கையில் பிடித்து வீடியோ கேம் விளையாடுகிற சாமான் ஒன்று சின்னப் பெட்டியில் தொங்கும். அதன் மேல் 400 கேம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். 2019 இல் அப்படி ஒன்று வாங்கினேன். 2023 இல், கனடாவில் இருந்து வந்த மச்சான் அதைவிடப் பெரிய, தரமான ஒன்றைக் கொண்டுவந்து தந்தான். இரண்டும் இன்னும் வீட்டில் ஓடுகின்றன. இந்தச் சாமான்களைப் பற்றிப் பெட்டி உடைத்த அன்றைக்கே எழுதுகிறவர்கள்தான் அதிகம். எல்லாரும் "ஆகா, சின்ன வயசு ஞாபகம்" என்று தொடங்கி அதோடேயே முடித்துவிடுகிறார்கள். அந்த ஆகா மிஞ்சிப்போனால் இரண்டு கிழமை தாங்கும். அதற்குப் பிறகும் கை எதைத் தேடிப் போகிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்தது 1988 இல். 1990 இல் யுத்தத்தால் யாழ் குடாநாட்டுக்குக் கரண்ட் நின்றது. பற்றரியும் தடைசெய்யப்பட்ட சாமான்களில் ஒன்று. எங்கள் வயதுக்காரருக்குப் பாட்டு என்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் கேட்டதுதான். சுற்றுகிற அண்ணாவின் கை களைத்தால் ரேடியோவில் பாடுகிறவரின் குரல் அமுங்கிப்போகும். கசற் போட்டால் இன்னும் மோசம், குரல் இழுபட்டு, சரணம் முழுக்க நித்திரைத் தூக்கத்தில் பாடுகிற மாதிரி இருக்கும். பிறகு அதே பாட்டுகளைச் சரியான வேகத்தில் கேட்டபோது, இதென்ன இப்படி அவசரப்படுகிறார்கள் என்றுதான் தோன்றியது. கேம் பற்றிய கதையில் டைனமோ எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது, கீழே வரும்.

2002 ஏப்ரலில் யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ9 பாதை திறந்தது. கொழும்புச் சாமான்கள் லொறி லொறியாக வந்த காலம். மாமா ஒருவர் ரீவி கேம் ஒன்று வாங்கி வந்தார். சாம்பல் நிறப் பெட்டி, வயர் வைத்த இரண்டு ஜொய்ஸ்ரிக், ஒரு துவக்கு, கேம் அடங்கிய ஒரு மஞ்சள் கசற். நிண்டெண்டோ என்ற பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அந்த நிறுவனம் 1983 இல் ஜப்பானில் விட்ட ஃபாமிகொம் என்ற சாமானை அனுமதி இல்லாமல் பார்த்துச் செய்த நகல்தான் எங்கள் ரீவி கேம் என்பதைக் கன காலத்துக்குப் பிறகுதான் அறிந்தேன். மஞ்சள் கசற்றில் 9999999 கேம் என்று போட்டிருந்தது. உள்ளே இருந்தது கையால் எண்ணக்கூடிய சில. அதே கேமை மூன்றாவது கட்டத்தில் இருந்து தொடங்கவிட்டு, வேறு பெயர் வைத்து, பட்டியலை நீட்டியிருந்தார்கள். அந்தப் பித்தலாட்டம் தெரிந்த பிறகும் புதுக் கேம் ஏதாவது அகப்படுமா என்று பக்கம் பக்கமாகத் தட்டிக்கொண்டுதான் இருந்தோம்.

2006 ஓகஸ்ட்டில் பாதை திரும்ப மூடியது. ஜொய்ஸ்ரிக் பழுதானால் மாற்ற வழியில்லை. அதோடு அந்தப் பெட்டியின் கதை முடிந்தது.

சரி, 400 கேமுக்கு வருவோம். மூன்று அங்குலத் திரை. உள்ளே பிஎல்-5சி பற்றரி, பழைய நொக்கியா போனுக்குப் போட்ட அதே பற்றரி. இதுதான் அந்தச் சாமானின் மிகப் பெரிய நன்மை என்று இப்போது சொல்வேன். பற்றரி வீங்கினால் எந்தப் போன் கடையிலும் வேறொன்று வாங்கிப் போடலாம், கழற்ற ஸ்குரூ டிரைவர்கூடத் தேவையில்லை. இரண்டாவது ஆளுக்கு ஒரு சின்ன ஜொய்ஸ்ரிக் தருவார்கள். ரீவியில் பொருத்த ஏவி வயரும் உண்டு. விளையாட்டைச் சேமிக்கிற வசதி மட்டும் கிடையாது. சத்தம் கீச்சென்று இருக்கும், குறைத்தாலும் கீச்சென்றுதான் இருக்கும்.

2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததே, அப்போது இது நல்லாக உழைத்தது. போன் சார்ஜைத் தொடப் பயம், ரீவி இல்லை, மின்விசிறி இல்லை. அக்காவின் மகன் எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்துதான் முதல் தடவை மரியோ விளையாடினான்.

"மாமா, இதில சேவ் எங்க இருக்கு?"

"இல்லையப்பு. உயிர் முடிஞ்சா முதலில இருந்துதான்."

"அப்ப பற்றரி இறங்கினா?"

"அதுக்கும் முதலில இருந்துதான்."

என்னைப் பாவமாகப் பார்த்தான். நாங்கள் கரண்ட் இல்லாமல் வளர்ந்த கதையை அவனுக்குப் பல தடவை சொல்லியிருக்கிறேன், அப்போதெல்லாம் இப்படிப் பார்த்ததில்லை.

பாவனையில் முதலில் போனது பட்டன். உள்ளே இருக்கும் ரப்பர் துண்டு அழுக்கேறி, இடப்பக்க அம்பு அழுத்தினால் படாமல் போய்விட்டது. பின்மூடியைக் கழற்றி, பாமசியில் வாங்கின சேர்ஜிகல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து ரப்பரையும் பலகையில் உள்ள கருப்புத் தடத்தையும் துடைத்தால் சரிவரும். புதிதாக ஒன்று வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். அந்தக் காலத்தில் கசற் வேலை செய்யாவிட்டால் கழற்றி வாயால் ஊதிப் போடுவோம் அல்லவா, அது துப்புரவாக்கவே இல்லை. திரும்பச் செருகும்போது ஊசிகள் வேறொரு இடத்தில் உரசுவதால்தான் வேலை செய்தது. வாய் ஈரம் ஊசிகளுக்குக் கேடுதான்.

மச்சான் தந்தது வேறு தரம். 3.5 அங்குலத் திரை, 640க்கு 480 புள்ளி. இந்த எண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள். ஃபாமிகொம் படம் 256க்கு 240. அதைச் சரியாக இரண்டு மடங்காக்கினால் 512க்கு 480, உயரம் திரையோடு அச்சொட்டாகப் பொருந்தும். செட்டிங்கில் முழு எண் மடங்கு என்று ஒரு தெரிவு இருக்கும். அதைப் போட்டால் இரண்டு பக்கமும் கருப்புப் பட்டி விழும், ஆனால் மரியோவின் மீசை ஒவ்வொரு புள்ளியாக வெட்டினாற்போல் தெரியும். அகலத்தை நிரப்ப இழுத்தால் எல்லாம் கசங்கும். என் நண்பர்கள் எல்லாரும் இழுத்துத்தான் வைத்திருக்கிறார்கள், காசு கொடுத்து வாங்கின திரை சும்மா கிடக்கக் கூடாதாம்.

கூடவே வந்த மெமரி கார்ட்டை நம்ப வேண்டாம். பெயர் தெரியாத கார்ட்டைப் போட்டு அனுப்புவது இந்த வகைச் சாமான்களில் வழமை. என்னுடையது ஒரு நாள் திடீரென்று வெறும் கருந்திரை காட்டியது. வாங்கின உடனே எல்லாவற்றையும் கொம்பியூட்டரில் நகல் எடுத்து, நல்ல கார்ட்டுக்கு மாற்றிவிடுங்கள். உள்ளே அடைத்துத் தருகிற ஆயிரக்கணக்கான கேம்களில் பெரும்பாலானவை உரிமை பெறாதவை, அதையும் தெரிந்துகொண்டே வாங்குங்கள்.

இனி டைனமோ விஷயம். புதுச் சாமானில் மரியோவைப் போட்ட முதல் நிமிடமே ஏதோ பிழை என்று பட்டது. ஓட்டத்தில் வேகம் கூட, பாட்டும் அவசரம். பாயவேண்டிய இடங்களில் எல்லாம் பிந்திப் பாய்ந்து குழிக்குள் விழுந்தேன். வயது போய்விட்டது என்று நினைக்கத் தொடங்கின நேரத்தில்தான் காரணம் பிடிபட்டது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ரீவி ஒரு செக்கனுக்கு 60 படம் காட்டும். இலங்கையில் பாவிக்கிற பால் (PAL) என்ற ரீவி முறையில் 50. இந்தக் கேம்களில் ஓட்டமும் பாட்டும் படக் கணக்கிலேயே நகர்வதால், பால் ரீவிக்கென்று செய்த நகல் பெட்டிகளில் எல்லாமே ஆறில் ஒரு பங்கு மெதுவாக நடந்தது. நாங்கள் பழகின மரியோவே மெதுவானது. டைனமோப் பாட்டைப் போல அதையும் இழுபட்ட வேகத்தில்தான் பெற்றிருக்கிறோம், தெரியாமலே.

நல்ல விஷயம், இதற்கும் செட்டிங் உண்டு. பிராந்தியம் என்ற தெரிவில் பால் அல்லது டெண்டி என்று போட்டால் 50க்கு இறங்கும். டெண்டி என்பது ரஷ்யாவில் பேர்போன நகல் பெட்டி, நாங்கள் விளையாடினதற்கு ஒன்றுவிட்ட சகோதரம். போட்டேன். அந்தப் பாட்டு அந்த வேகத்தில் வந்தபோது, உண்மையைச் சொன்னால், கொஞ்ச நேரம் விளையாடாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன். சில மாதம் அப்படியே வைத்திருந்தேன். பிறகு ஒரு நாள் மருமகன் 60க்கு மாற்றி விளையாடிவிட்டுத் தந்தான். திரும்ப மாற்றவில்லை. பழகின பிறகு 60தான் நன்றாக இருக்கிறது, கால் சறுக்குவது, திரும்புவது எல்லாம் கைக்கு உடனே கேட்கிறது. செய்தவர்கள் நினைத்த வேகமும் அதுதானே.

இப்படித்தான் ஒவ்வொன்றாகக் கழிந்தது. ஞாபகத்துக்காகத் திறந்த கேம்களில் பலதை இரண்டாம் தரம் திறக்கவில்லை. தவளை பாயும் கேம், பழம் பொறுக்கும் கேம், மோட்டார் சைக்கிள் ஓட்டம், எல்லாம் ஐந்து நிமிடத்துக்குத்தான். வாத்துச் சுடுகிற டக் ஹண்ட் இந்தச் சாமான்களில் சரிவரவே வராது. அந்தத் துவக்குக்குள் வெளிச்சத்தை உணர்கிற ஒரு கண் இருக்கும். விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கிற இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் காட்டும், அதை அந்தக் கண் பிடிக்கவேண்டும். பழைய குழாய் ரீவி வெளிச்சத்தைக் காட்டுகிற நேரத்தை நம்பிச் செய்த வேலை அது. இப்போதைய தட்டை ரீவியில் படம் பிந்தித்தான் வரும்.

மிஞ்சினது சூப்பர் மரியோ, கொன்ட்ரா, டாங்கிக் கேம்.

1985 இல் வந்த மரியோ மொத்தம் 40 கிலோபைட். இப்போது போனில் எடுக்கிற ஒரு படத்துக்குள் அதைப் பல தடவை அடுக்கலாம். இடம் மிச்சம் பிடிக்க மேகத்தையும் புதரையும் ஒரே உருவில் வரைந்து நிறத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். ஆனால் முதல் கட்டத்தைப் பாருங்கள். கேள்விக்குறிப் பெட்டியை முட்டினால் வெளிவரும் காளான் வலப்பக்கம் போய், குழாயில் பட்டு, திரும்பி உங்களிடமே வரும். இது எதிரியா நண்பனா என்று யோசித்து விலகுவதற்குள் மேலே ஏறிவிடும், மரியோ பெரிதாகிவிடுவான். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத எங்களுக்கு ஒரு சொல் எழுதாமலே கற்றுத்தந்திருக்கிறார்கள். மருமகனுக்கும் நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கொன்ட்ரா வேறு கதை. ஒரு குண்டு பட்டால் ஒரு உயிர், மொத்தம் மூன்று உயிர், எட்டுக் கட்டம். மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம் பி ஏ என்று அழுத்தினால் முப்பது உயிர். கொன்ட்ராவைச் செய்த கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹஷிமோட்டோ கிரேடியஸ் என்ற கேமை முடிக்க முடியாமல் தன் வசதிக்காக வைத்த குறுக்கு வழிதான் பிறகு கொன்ட்ராவுக்கும் வந்தது, அவர் 2020 இல் காலமானார். செய்தவருக்கே கஷ்டமாக இருந்ததென்றால் நாங்கள் எம்மாத்திரம்! புதுச் சாமானில் நினைத்த இடத்தில் சேமிக்கலாம். அப்படிச் சேமித்து விளையாடுவது பழைய சுவையைக் கெடுக்கிறது என்று சிலர் சண்டைக்கு வருகிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. வேலை முடித்து வந்து கிடைக்கிற இருபது நிமிடத்தில் முதல் மூன்று கட்டத்தையே வாழ்நாள் முழுக்க விளையாடுவதில் என்ன சுவை? நீர்வீழ்ச்சிக் கட்டத்தைத் தாண்டி என்ன இருக்கிறது என்பதையே சேமிப்பு வந்த பிறகுதான் கண்டேன்.

இதே சலிப்பைப் படங்களுக்கும் புத்தகங்களுக்கும் வைத்துப் பார்த்தேன். வீடியோ டெக்கும் ரீவியும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேட்டர் உறுமல் பின்னால் கேட்க, விடிய விடியப் பார்த்த படங்களைத் தேடி இப்போது போட்டால் அரைவாசியைத் தாண்ட முடிவதில்லை. அன்று படத்துக்கு ருசி கொடுத்தது முற்றத்தில் இருந்த கூட்டம்தான் போலும். 1972 இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து காமிக்ஸின் மறுபதிப்புகளையும் வாங்கினேன். படங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், கதையை வாசிக்கத்தான் பொறுமை வேண்டும்.

டாங்கிக் கேம்தான் இன்றைக்கும் கிழமைக்குக் கிழமை ஓடுகிறது. நம்கோ நிறுவனத்தின் பாட்டில் சிட்டி, இதுவும் 1985. ஒவ்வொரு கட்டத்திலும் இருபது எதிரி டாங்கி, கீழே செங்கல் சுவருக்குள் நாங்கள் காக்கவேண்டிய கழுகு. கூட்டாளியின் டாங்கியில் உங்கள் குண்டு பட்டால் அவன் சாகமாட்டான், சில நொடி அசையாமல் நிற்பான். வீட்டில் நடக்கிற சண்டை எல்லாம் அந்தச் சில நொடியால்தான். இரண்டு பேர் விளையாடுவதென்றால் கனடாச் சாமானில் தனி ஜொய்ஸ்ரிக் வாங்கிப் பொருத்தவேண்டும், வயரோடு மல்லுக்கட்டவேண்டும். அதனால் மருமகன் வந்தால் பழைய 400 கேமையே ரீவியில் கொழுவுகிறோம். விலை குறைந்த சாமான் இந்த ஒரு விஷயத்தில் வெல்கிறது.

தனியாக இருக்கும்போது அவன் பெரிய சாமானில் கட்டம் கட்டுகிறான். டாங்கிக் கேமில் சொந்தமாகக் களம் அமைக்கிற தெரிவு ஒன்று உண்டு. அந்த நாளில் பெட்டியை நிற்பாட்டினால் கட்டினது எல்லாம் அழிந்துபோகும், அதனால் நாங்கள் அதைப் பெரிதாகத் தொட்டதில்லை. அவன் சேமித்துச் சேமித்து ஒரு வரிசையே வைத்திருக்கிறான். எல்லாக் களத்திலும் கழுகைச் சுற்றி இரும்புச் சுவர். எதிரி டாங்கியால் இரும்பை உடைக்க முடியாது என்பதை அவனே கண்டுபிடித்துவிட்டான். இது கள்ள விளையாட்டு என்று அவனோடு இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.